உறுமி மேளம்: சத்தத்தை அளக்கிறோம், அடிப்பவரின் காதை அளக்கிறோமா?

திருவிழாக் காலம் வந்தாலே நம்ம ஊரில் ஒரு விவாதமும் கூடவே வந்துவிடும். உறுமி மேளச் சத்தம் அதிகமா, இல்லையா? தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் புகார் சொல்வார். "வருஷத்துக்கு ஒரு நாள்தானே, பொறுத்துக்கக் கூடாதா?" என்று இன்னொருவர் கேட்பார். மூன்றாமவர் யாரோ டிக்டாக்கில் போட்ட வீடியோவைப் பகிர்வார்.

கவனித்துப் பாருங்கள். இதில் எல்லாரும் பேசுவது கேட்பவரின் காதைப் பற்றித்தான். மேளத்துக்கு ஒரு முழம் தூரத்தில், ஊர்வலம் முடியும்வரை நாலைந்து மணி நேரம் நிற்கிற காதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்தக் காது பெரும்பாலும் பதினைந்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தமிழ்ப் பையனுடையது. உங்கள் தம்பியாக இருக்கலாம். நீங்களாகவே இருக்கலாம்.

அந்தக் காதுக்கு என்ன நடக்கிறது, அதை எப்படி அளப்பது, சட்டம் என்ன சொல்கிறது, செலவில்லாமல் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லுக்குட்டிலிருந்து தொடங்குவோம்

நெகிரி செம்பிலானில் போர்ட் டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்தது லுக்குட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயத்துக்குப் பெயர் போன இடம். பிறகு சுற்றிலும் பால்மரத் தோட்டங்கள் வந்தன, அப்புறம் செம்பனை. லுக்குட், சுவா பெத்தோங், சிலியாவ், லிங்கி என்று இந்த வட்டாரத்துத் தோட்டப் பெயர்களைக் கேட்டாலே தாத்தா பாட்டி கதை நினைவுக்கு வருகிற குடும்பங்கள் நிறைய உண்டு.

இப்போது அந்த வட்டாரத்தின் வேலை உலகம் கலவையானது. போர்ட் டிக்சனில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. தொழிற்சாலைகள் இருக்கின்றன, செம்பனை ஆலைகள் இருக்கின்றன. தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்த குடும்பங்கள் தாமான்களுக்கு நகர்ந்துவிட்டன. கோயில் திருவிழா மட்டும் விடவில்லை, மேளமும் விடவில்லை.

இந்த இடமாற்றத்தில் சத்தத்துக்கும் ஒரு மாற்றம் நடந்தது. தோட்டத்துக் கோயில் பெரும்பாலும் திறந்த வெளியில் இருந்தது, சுற்றிலும் மரம். அடித்த அடி காற்றில் கரைந்து போகும். தாமானில் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் வரிசை வீடுகள், காங்கிரீட் சுவர், சிமெண்டுத் தரை. அடித்த அடி சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. மேலே தகரக் கூரை போட்ட மண்டபமாக இருந்தால் இன்னும் மோசம். அதோடு ஜெனரேட்டர், ஸ்பீக்கர், மைக் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஒரு உறுமியும் இரண்டு தப்பும் இருந்த இடத்தில் இன்று உறுமி, தப்பு, தவில், பம்பை என்று இருபது பேர் நிற்கிறார்கள்.

மேளம் அதே மேளம்தான். ஆனால் அதை அடிக்கிற இடமும் எண்ணிக்கையும் மாறிவிட்டன. அதனால் "எங்க தாத்தா காலத்திலிருந்து அடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதம் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது.

டெசிபல் கணக்கு: சின்ன எண், பெரிய வித்தியாசம்

சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளக்கிறார்கள். இது கிலோ, மீட்டர் மாதிரி நேர்க்கோட்டில் ஏறும் அலகு இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு.

ஒரே அளவில் அடிக்கும் இரண்டு மேளம் சேர்ந்தால் 3 டெசிபல் ஏறும். இருபது மேளம் சேர்ந்தால் ஏறக்குறைய 13 டெசிபல் ஏறும். தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் 32 மீட்டர் தள்ளி நிற்கும் உங்களுக்கு 70 டெசிபல் கேட்கிறது என்றால், அதே மேளத்திலிருந்து ஒரு மீட்டரில் நிற்பவருக்கு 100 டெசிபல் கேட்கும். உங்களுக்கு அது "கொஞ்சம் சத்தம்". அவருக்கு அது வேறு விஷயம்.

எவ்வளவு நேரம் தாங்கலாம்? மலேசிய விதிமுறையின் வரம்பு ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்:

85 டெசிபல்: 8 மணி நேரம்
88 டெசிபல்: 4 மணி நேரம்
91 டெசிபல்: 2 மணி நேரம்
94 டெசிபல்: 1 மணி நேரம்
97 டெசிபல்: 30 நிமிடம்
100 டெசிபல்: 15 நிமிடம்

ஒரு குழுவின் நடுவில் சராசரி 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஊர்வலம் 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம். 15 நிமிடத்தால் வகுத்தால் 16. ஒரே இரவில் பதினாறு நாளுக்கான சத்தத்தை அந்தக் காது வாங்கிவிட்டது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. பகலில் ஆலையில் 85 டெசிபலில் 8 மணி நேர ஷிஃப்ட் முடித்த ஒருவர் அன்றைய அளவை முழுவதுமாக வாங்கிவிட்டார். இரவில் 97 டெசிபலில் அரை மணி நேரம் மேளப் பயிற்சி செய்தால் இன்னொரு முழு அளவு. காதுக்கு இரண்டு கணக்குப் புத்தகம் கிடையாது. வேலைச் சத்தம், சாமிச் சத்தம் என்று பிரித்து வைக்க அதற்குத் தெரியாது.

காதுக்குள் என்ன நடக்கிறது?

உட்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் நுண்ணிய முடி போன்ற இழைகள் உள்ள செல்கள் வரிசையாக இருக்கும். ஒலி அலை வரும்போது இவை அசைந்து, மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மனிதருக்கு இந்தச் செல்கள் செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது.

அதிகச் சத்தத்துக்குப் பிறகு காது அடைத்த மாதிரி இருப்பதும் "ஙொய்ங்" என்று ஒரு ஓசை கேட்பதும் உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம். மறுநாள் சரியாகிவிடும். அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. ஆனால் அந்த அடைப்பு செல்கள் களைத்துப்போனதற்கான அறிகுறி. திரும்பத் திரும்ப நடந்தால் ஒரு நாள் அது திரும்பாது. கேட்புத் திறன் சோதனையில் சரியாக இருந்தாலும், காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இணைப்புகள் அறுந்திருக்கலாம் என்பதை 2009-இல் எலிகளில் நடந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் முதலில் தெரியும். பேச்சில் 'ச', 'ஸ', 'த' போன்ற மெல்லிய ஒலிகளைப் பிரித்தறிய உதவும் பகுதி அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் பாதிக்கப்பட்டவர் "எனக்குக் கேட்கலை" என்று சொல்ல மாட்டார். "நீ தெளிவாப் பேச மாட்டேங்கிற" என்றுதான் சொல்வார். மேளம் தெளிவாகவே கேட்கும், மகள் பேசுவதுதான் புரியாது.

மேளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய சத்தம் வந்தால் நடுக்காதின் சிறு தசைகள் இறுகிக் கொஞ்சம் தடுக்கப் பார்க்கும். ஆனால் அவை இறுகுவதற்குச் சற்றுத் தாமதமாகும். குச்சி தோலில் விழும் அடி அதற்குள் உள்ளே போய்விடும்.

கலைஞர்களுக்கு இது எவ்வளவு நடக்கிறது? ஜெர்மனியில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2014-இல் வெளியானது. தொழில்முறை இசைக் கலைஞர்களுக்குச் சத்தத்தால் கேட்புத் திறன் குறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு, காதில் ஓயாத ஓசை வரும் வாய்ப்பு 57 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது.

போனில் அளக்கலாமா?

அளக்கலாம், எச்சரிக்கையோடு.

முறையான அளவுக்கு ஒலிமானி இருக்கிறது. அனைத்துலகத் தரத்தில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று இரண்டு வகை. ஆலைகளில் ஊழியரின் தோளில் மாட்டிவிடும் டோசிமீட்டர், நாள் முழுக்க அந்தக் காது எவ்வளவு வாங்கியது என்று கூட்டிச் சொல்லும்.

போன் அதற்கு ஈடாகாது. போன் மைக் மனிதர் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. மிக அதிகச் சத்தத்தில் அது திணறி, உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். ஆனாலும் ஒரு தோராயம் கிடைக்கும். அமெரிக்காவின் வேலையிடச் சுகாதார ஆய்வு நிறுவனமான நையோஷ் வெளியிட்ட இலவசச் செயலி ஐபோனுக்கு இருக்கிறது. ஆய்வுக்கூடச் சோதனையில் அது 2 டெசிபல் வித்தியாசத்துக்குள் அளந்தது.

எந்தச் செயலியாக இருந்தாலும் இதைக் கவனியுங்கள்:

- போன் பாக்கெட்டில் இருக்கக் கூடாது. அடிப்பவரின் காது உயரத்தில், அவர் பக்கத்தில் பிடிக்க வேண்டும்.
- மைக்கை விரலாலோ போன் உறையாலோ மறைக்காதீர்கள். காற்று நேராக அடிக்கும் திசையில் வைக்காதீர்கள்.
- திரையில் துள்ளும் உச்ச எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். குறைந்தது 15 நிமிட சராசரியைப் பாருங்கள்.
- 'ஏ' அளவு முறையைத் தேர்ந்தெடுங்கள். காது கேட்கும் விதத்தை ஒட்டிக் கணக்கிடும் முறை அது. ஒரே அடியின் உச்சத்தை அளக்க 'சி' முறை.
- ஸ்பீக்கருக்கு முன்னால், குழுவின் நடுவில், கடைசி வரிசையில் என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஒரே குழுவுக்குள் யாருக்கு அதிகம் விழுகிறது என்று தெரியும்.

போனே இல்லையா? ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், 85-ஐ எட்டிவிட்டது அல்லது தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

மலேசியாவில் 2019 ஜூன் 1 முதல் வேலையிட இரைச்சல் விதிமுறைகள் நடப்பில் இருக்கின்றன. 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரம்பு, எந்த நேரத்திலும் 115-ஐத் தாண்டக் கூடாது, ஒரே அடியின் உச்சம் 140-ஐத் தாண்டக் கூடாது. வரம்பைத் தாண்டிய சத்தத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டுதோறும் கேட்புத் திறன் சோதனை செய்வதும் காதுப் பாதுகாப்புச் சாதனம் தருவதும் முதலாளியின் கடமை. இதற்கு முன்பு, 1989 விதிமுறையில் வரம்பு 90-ஆக இருந்தது. அதுவும் ஆலைகளுக்கானது.

இந்த விதிமுறைகளுக்குத் தாய்ச் சட்டம் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அந்தச் சட்டம் முதலில் பத்துத் துறைகளுக்கு மட்டுமே பொருந்தியது. தோட்டத் தொழில் அந்தப் பட்டியலில் இருந்தது, உற்பத்தி, கட்டுமானம், ஹோட்டல் இருந்தன. கலை, பொழுதுபோக்கு என்று தனித் துறை இல்லை. அதாவது செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கத்தில் நின்ற அப்பாவின் காதைச் சட்டம் பார்த்தது. மேடையில் மேளம் அடித்த மகனின் காது அதன் கண்ணில் படவில்லை.

2024 ஜூன் 1-இல் திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்தது. வீட்டுப் பணி, ஆயுதப்படை, வணிகக் கப்பல் வேலை போன்ற சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களுக்கும் இப்போது சட்டம் பொருந்தும். கலை நிகழ்ச்சியை நடத்திச் சம்பளம் தருபவரும் இனி முதலாளிதான்.

உறுமிக் குழுவில் யார் முதலாளி? கோயில் நிர்வாகம் குழுத் தலைவரிடம் ஒரு தொகை பேசும். தலைவர் போக்குவரத்து, சாப்பாடு போக மீதியைப் பசங்களுக்குப் பிரித்துத் தருவார். சிலர் காசே வாங்காமல் நேர்த்திக்கடனாக அடிப்பார்கள். சம்பளச் சீட்டு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. சட்டத்தின் கதவு திறந்துவிட்டது, ஆனால் உள்ளே போக யாரிடமும் காகிதம் இல்லை.

பெர்கேசோவின் கதையும் இதே மாதிரிதான். வேலைச் சத்தத்தால் வந்த கேட்புக் குறைபாடு, 1969 ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சுயதொழில் செய்பவர்களுக்கான பெர்கேசோ திட்டத்தில் கலைத் துறையும் ஒரு பிரிவு. ஆனால் பதிவு செய்து சந்தா கட்டியவருக்குத்தான் அது உதவும். பகுதி நேரமாக மேளம் அடிக்கும் பையன் தன்னை 'சுயதொழில் கலைஞர்' என்று நினைத்துப் பார்ப்பதே இல்லை.

"இசையும் இரைச்சலும் ஒன்றா?" ஒரு வழக்கு

லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் இசைக்குழுவில் வயோலா வாசித்தவர் கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடர். 2012 செப்டம்பரில், வாக்னரின் ஓபரா ஒன்றுக்கான ஒத்திகையில், ஊதுகருவிகளுக்கு நேர் முன்னால் அவருக்கு இடம் கொடுத்தார்கள். சத்தத்தின் உச்சம் 130 டெசிபலைத் தாண்டியது. அவருடைய கேட்புத் திறன் பாதிக்கப்பட்டது, வேலையும் போனது.

ஆலையில் சத்தம் ஒரு பக்க விளைவு, எங்களுக்கோ அதுவே படைப்பு என்று நிர்வாகத் தரப்பு வாதிட்டது. இரைச்சல் விதிமுறை ஆலைக்கும் ஓபரா அரங்குக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை என்று உயர் நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2019 ஏப்ரலில் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

பிரிட்டனில் இரைச்சல் விதிமுறை மற்றத் துறைகளுக்கு 2006-இல் வந்தது. இசைத் துறைக்கு இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசம் தந்து 2008 ஏப்ரலில் அமல்படுத்தினார்கள். அந்த அவகாசத்தில் கலைஞர்களோடு உட்கார்ந்து வழிகாட்டி எழுதினார்கள். நாமும் அப்படிச் செய்யலாம்.

"அப்போ மேளத்தை நிறுத்தச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்வி. ஏனென்றால் சத்தத்தைப் பற்றிய பேச்சு நம் சமூகத்தில் எப்போதும் காதைப் பற்றியதாக மட்டும் இருந்ததில்லை. தப்பு, பறை, உறுமி ஆகிய கருவிகளை யார் அடித்தார்கள் என்பதை வைத்தே அவற்றைத் தாழ்வாகப் பார்த்த வரலாறு உண்டு. "ஒரே சத்தம்" என்ற புகாருக்குள் சில நேரம் அந்தப் பார்வையும் ஒளிந்திருக்கும்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூச ஊர்வலத்தில் இசைக் கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-இல், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. இரண்டிலும் சட்டம் கவலைப்படுவது அக்கம்பக்கத்தின் அமைதிக்காக. மேளக்காரர் அங்கே பாதுகாக்கப்பட வேண்டியவராக வரவில்லை, கட்டுப்படுத்தப்பட வேண்டியவராகத்தான் வருகிறார்.

அளப்பது இந்த நிலையை மாற்றும். கையில் எண் இருந்தால், வாதம் "அடி, அடிக்காதே" என்பதிலிருந்து "எங்கே நின்று, எவ்வளவு நேரம், ஸ்பீக்கரை எங்கே வைத்து" என்று நகர்கிறது. அதில் பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கிறது. தடைக்குப் பயந்து எண்ணை மறைத்தால், முதலில் தோற்பது மேளக்காரரின் காதுதான்.

என்ன செய்யலாம்?

இயர்பிளக். ஃபார்மசியில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஸ்பாஞ்சு வகையே நல்ல தொடக்கம். மெல்லியதாக உருட்டி, காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை விரலால் பிடியுங்கள். குறை என்னவென்றால், அது மெல்லிய ஒலிகளை அதிகம் வெட்டும். அதனால் தாளம் மந்தமாகக் கேட்கும். அதற்காகத்தான் இசைக் கலைஞர்களுக்கென்று எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் இயர்பிளக் இருக்கிறது. எட்டிமோட்டிக் என்ற அமெரிக்க நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த 15 டெசிபல் வகை இதில் முன்னோடி. மேலே போட்ட கணக்கில் 100-இலிருந்து 15-ஐக் கழியுங்கள், 85. நாலு மணி நேர ஊர்வலம் அன்றைய அளவில் பாதிதான். பஞ்சு வைப்பது பயன் தராது.

கழற்றாதீர்கள். 30 டெசிபல் குறைக்கும் இயர்பிளக்கைப் பாதி நேரம் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைப்பது ஏறக்குறைய 3 டெசிபல் பாதுகாப்புதான்.

நிற்கும் இடம். ஸ்பீக்கரை அடிப்பவர்களின் பின்னால், காது உயரத்தில் வைக்காதீர்கள். முன்னால் கொண்டுபோய், கூட்டத்தை நோக்கித் திருப்புங்கள். வரிசைக்கு வரிசை இடைவெளி விடுங்கள். ஸ்பீக்கர் ஓரத்தில் நிற்பவரை மாற்றி மாற்றி நிறுத்துங்கள்.

பயிற்சி. திருவிழா சில நாள்தான், பயிற்சி வருஷம் முழுக்க. ஸ்டோர் அறையில் கதவை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள். புதுத் தாளத்தை முதலில் ரப்பர் அட்டையில் அடித்துப் பழகலாம்.

சின்னப் பசங்க. வாரம் 40 மணி நேரத்துக்கு, பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். பள்ளிப் பிள்ளை குழுவில் இருந்தால் அவன் காதுக்குப் பொறுப்பு குழுத் தலைவருக்கு.

சோதனை. ஒரு முறை கேட்புத் திறன் சோதனை செய்து, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் எதையும் ஒப்பிட அதுதான் அடிப்படை. லுக்குட் வட்டாரத்தில் இருப்பவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அது அவசரம்.

கோயில் நிர்வாகங்களுக்கு

உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில், நிகழ்ச்சிகளுக்கான பாதுகாப்பான ஒலி வரையறையை வெளியிட்டது. 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, ஒருவர் அளந்துகொண்டே இருக்க வேண்டும், இயர்பிளக் கிடைக்க வேண்டும், காது ஓய்வெடுக்க அமைதியான இடம் வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. கூட்டத்தின் காதை மனத்தில் வைத்து எழுதியது அது. அடிப்பவருக்கு அதற்கு மேலும் பாதுகாப்பு வேண்டும். ஆனால் தொடங்க அது போதும்.

குழுவோடு தொகை பேசும் அதே நாளில் மூன்று விஷயத்தையும் பேசி எழுதிக்கொள்ளலாம்: எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வு, ஸ்பீக்கர் எங்கே நிற்கும், இயர்பிளக் யார் வாங்குவது. இருபது பேர் குழுவுக்கு ஸ்பாஞ்சு இயர்பிளக் வாங்க ஆகும் செலவு, ஒரு நாள் அன்னதானத்தில் கணக்கிலேயே வராது. அந்த மூன்று வரி எழுதிய தாள், நாளைக்கு ஒருவர் பெர்கேசோ வாசலில் நிற்க வேண்டி வந்தால், "நான் இங்கே வேலை செய்தேன்" என்று காட்ட அவர் கையில் இருக்கும் முதல் காகிதமாகவும் இருக்கும்.